பாய்லர் நீரும் பாலிஸ்டைரீன் மணிகளும்

ஆலையொன்றின் பாய்லருக்குச் செல்லும் நீரைச் சுத்திகரிக்கும் பொறுப்பு என் கைக்கு வந்த முதல் நாளன்று, தொட்டிக்குள் கிடந்த கடுகினும் சிறிய தேன்நிற மணிகளை ஒரு பிடி அள்ளிப் பார்த்து, இவை ஏதோ உயர்ந்த ரக வடிகட்டும் மணல் என்றே எண்ணிக்கொண்டேன். பின்னால் நான் செய்த பிழைகளில் பாதிக்கு அந்த அபிப்பிராயமே மூலகாரணம்.

மணல் அழுக்கைத் தடுத்து நிறுத்துவது. ரெசின் என்று நாங்கள் சொல்லும் இம்மணிகளோ பண்டமாற்றுச் செய்பவை. நீரிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் சோடியத்தையும் தாம் வாங்கிக்கொண்டு, ஈடாக ஹைட்ரஜன் அயனியைக் கொடுக்கின்றன. கொடுக்கக் கையிருப்பு தீர்ந்ததும் அமிலம் ஊட்டினால் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. இவ்வகைச் செயற்கைப் பிசினை 1935-இல் ஆடம்ஸ், ஹோம்ஸ் என்னும் ஆங்கிலேயர் இருவர் பீனாலைக் கொண்டு செய்து காட்டினர். ஸ்டைரீனோடு டைவினைல் பென்சீனைக் கூட்டி வலையாகப் பின்னி, கந்தக அமிலத்தால் பக்குவப்படுத்தும் வழிக்கு 1944-இல் அமெரிக்காவில் டி'அலீலியோ காப்புரிமை பெற்றார். சாமான்யமாக நூற்றுக்கு எட்டுப் பங்கு அளவில் சேரும் அந்த டைவினைல் பென்சீன்தான் மணி நீரில் ஊறி உப்பினாலும் கரைந்துபோகாமல் காக்கிறது.

ஹைட்ரோகுளோரிக் அமிலம் கிடைக்காத ஒரு மாதத்தில் கந்தக அமிலத்தைப் பிரயோகிக்க நேர்ந்தது. ஷிப்ட் முடிவதற்குள் வேலையை முடித்துவிடும் ஆவலில், மேஸ்திரி தயங்கியும் கேளாமல், ஆரம்பத்திலேயே 5 சதவீதக் கரைசலை மெதுவாகச் செலுத்தினேன். மணிகள் பற்றியிருந்த கால்சியமெல்லாம் ஒருசேர வெளிப்பட்டு, சல்பேட்டோடு கூடி ஜிப்சமாகி, மணிகளின் இடைவெளிகளில் வெள்ளைச் சேறாக உறைந்து நீரோட்டத்தையே அடைத்துவிட்டது. "தண்ணி இறங்கலைங்க ஐயா" என்று மேஸ்திரி வந்து சொன்ன குரலில் கோபம் இல்லாததுதான் எனக்கு அதிக வெட்கத்தைத் தந்தது. ஜிப்சம் படியச் சிறிது அவகாசம் வேண்டும் என்பதால், 2 சதவீதத்துக்கு மேற்படாத கரைசலை விரைவாக ஓடவிட்டு, கால்சியம் பெரும்பாலும் நீங்கியபின்னரே படிப்படியாக வலிமையை உயர்த்த வேண்டும் என்பதை அவ்விதமாகக் கற்றேன்.

உலர்ந்துபோன மணிகளை நேரே நீரில் கொட்டாதீர்கள். திடீரென்று உப்பி வெடித்துவிடும். முதலில் செறிந்த உப்பு நீரில் ஊறவைத்து, அதைச் சிறிது சிறிதாக நீர்க்கச் செய்யுங்கள். தொட்டியை விளிம்புவரை நிரப்புவதும் சிக்கனமன்று. கீழிருந்து நீரை மேலே செலுத்திக் கழுவும்போது படுகை ஏறக்குறைய ஒன்றரை மடங்காக உயர இடம் வேண்டும்.

இதே பாலிஸ்டைரீனை மின்னேற்றமில்லாத நுண்துளை மணிகளாகச் செய்தால், அது கழிவுநீரிலுள்ள பீனாலைத் தன் பரப்பில் ஒட்டவைத்து, மெத்தனாலால் கழுவும்போது விட்டுவிடும். நான் அதைச் சோதனைச்சாலைக் குழாயளவில் மட்டுமே கையாண்டேன்.

மாதம் ஒரு முறை படுகையின் மேற்பகுதியிலிருந்து ஒரு சிட்டிகை மணிகளை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்ப்பது என் வழக்கம். பிளந்தவை தெரிந்தால் புதுப்பித்தலில் எங்கோ அவசரம் நடந்திருக்கிறது. விரல்களுக்கிடையே குழைந்தால், நீரில் தங்கிய குளோரின் அந்த வலையின் கண்ணிகளை அறுக்கத் தொடங்கிவிட்டது.