பித்தக்கான் புற்றுநோயும் அகக்கதிர் மருத்துவமும்

ஈரலிற் சுரக்கும் பித்தநீர் பித்தக்கான் வழியே முன்சிறுகுடலை அடைகின்றது. அக்கானிற் புற்றுநோய் தோன்றி வழியை அடைப்பின், பித்தம் குருதியிற் கலந்து கண்ணும் தோலும் மஞ்சள் நிறமெய்தும். கடும் அரிப்பும் உண்டாகும். நோயுற்ற பகுதியை அறுத்து நீக்குதலே தலையாய மருத்துவம். ஆயினும் நோய் முற்றிய பின்னரே பெரும்பாலும் வெளிப்படுதலாற் பலருக்கு அது இயலாததாகின்றது.

அத்தகையோருட் சிலருக்கு உதவுவது அகக்கதிர் மருத்துவம். பித்தத்தை வடித்தற்கு இட்ட மெல்லிய குழாயினூடாக, இரிடியம் 192 என்னும் கதிர்வீசும் பொருளை அடைப்புள்ள இடத்திற் சேர்த்து, குறித்த நேரத்தின் பின் மீட்டுவிடுவர். ஏறத்தாழ 74 நாளில் அப்பொருளின் வலு பாதியாகும்.

இதன் நுட்பம் யாது? மாணவர் பௌதிக வகுப்பிற் கற்கும் நேர்மாறு வர்க்க விதியே. புள்ளியளவான ஊற்றிலிருந்து தூரம் இரட்டித்தாற் கதிர்ச்செறிவு நாலிலொன்றாகும். ஆதலின் அண்மையிலுள்ள நோய்க்கலங்கள் மிகுதியாகவும், அப்பாலுள்ள ஈரலும் குடலும் குறைவாகவும் கதிரைப் பெறும். அவ்விதியே இம்மருத்துவத்தின் எல்லையுமாம். தொலைவிற் பரந்த நோயை இக்கதிர் போதிய வலுவுடன் எட்டாது. எனவே புறக்கதிரும் துணையாகச் சேர்க்கப்படுவதுண்டு.

1898 இற் கியூரி தம்பதியர் இரேடியத்தைக் கண்டறிந்ததன் பயனாய் வளர்ந்த கலை இது. பெரும்பாலும் நோயை வேரறுக்காது. அடைப்பை இளக்கித் துன்பத்தைத் தணிக்கும். முழுச்சுகம் தர இயலாதவிடத்தும் ஆறுதல் தருதல் மருத்துவன் கடனன்றோ? செங்கண்மாரியின் குறி கண்டவர் காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடுவாராக.