மெழுகுவது ஒருநாள் வேலை அல்ல

தொட்டியம்,
14.9.2025

அன்புள்ள கண்ணுக்கு,

காவிரியில் தண்ணீர் போகிறது, அதனால் வாழைக்குக் கவலையில்லை. நீயும் உன் அறைத்தோழியும் பாதிப் பாதி போட்டு வாங்கிய கொரோலாவின் படத்தை உன் அப்பா காட்டினான். 2014 மாடல், கருநீலம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாளா என்று பாட்டி கேட்டாள். நான் படத்தைப் பெரிதாக்கிப் பின்சக்கரத்துக்கு மேலே இருக்கிற வளைவைப் பார்த்தேன். வலது பக்கத்தில், பயறு அளவில் இரண்டு கொப்புளம். அந்தக் கொப்புளம்தான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

கனடாவில் நீ இருக்கும் வாட்டர்லூவின் குளிரைப் பற்றித் தொட்டியத்துக் கிழவனுக்கு என்ன தெரியும் என்று நினைக்காதே. நாமக்கல் லாரிப் பட்டறைகளில் முப்பத்தைந்து வருஷம் பெயிண்ட் அடித்த கை இது. 2016 குளிருக்கு ஸ்கார்பரோவில் உன் பெரியப்பா வீட்டில் நான்கு மாதம் இருந்தேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வண்டிகளைப் பார்ப்பதுதான் என் பொழுதுபோக்கு. உப்பு உலர்ந்து, கறுப்பு வண்டியும் சிவப்பு வண்டியும் ஒரே சாம்பல் நிறத்தில் போகும். பத்து வருஷ வண்டிக்குச் சக்கர வளைவு கரையான் அரித்த நிலைச்சட்டம் மாதிரி இருக்கும். பக்கத்து ஒர்க் ஷாப்பில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் இருந்தார். அவர் துருவைக் கறள் என்பார். "ஐயா, இங்க வண்டி ஓடித் தேயிறதில்ல, கறள் பிடிச்சுத்தான் சாகுது" என்றார். அவர் சொன்னதில் எனக்கு ஆச்சரியம் ஏதும் இல்லை. தூத்துக்குடி உப்பளத்துக்கு லோடு ஏற்றப் போய்வந்த லாரிகள் பட்டறைக்கு எந்த லட்சணத்தில் வரும் என்று எனக்குத் தெரியும். அங்கே உப்பு லாரிக்கு உள்ளே இருந்தது, உங்கள் ஊரில் வண்டிக்குக் கீழே கிடக்கிறது.

குல்பி ஐஸ்காரர் பானையில் ஐஸோடு உப்பைப் போடுவதை நீ பார்த்திருப்பாய். உப்பு சேர்ந்தால் தண்ணீர் உறையும் நிலை கீழே இறங்கும். அதே வித்தைதான் சாலையிலும். கனடா முழுக்க ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் டன் உப்பைச் சாலையில் கொட்டுகிறார்கள். உன் ஊருக்கு மேற்கே ஹூரான் ஏரிக்கரையில் கோடரிச் என்ற ஊர் இருக்கிறது. ஏரிக்கு அடியில் ஏறக்குறைய 1,800 அடி ஆழத்தில் உப்பு வெட்டும் சுரங்கம் அங்கேதான். குளிர் மைனஸ் பத்தைத் தாண்டிப் போனால் வெறும் உப்பு சரியாக வேலை செய்யாது. அப்போது கால்சியம் குளோரைடு, மக்னீசியம் குளோரைடு என்று வேறு உப்புகளையும் சேர்ப்பார்கள். அவை காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஐப்பசி மழையில் பாட்டியின் கல்லுப்புச் சாடி நீர்த்துக் கிடக்குமே, அதற்கும் அந்த மக்னீசிய உப்புதான் காரணம். அது ஒட்டிய வண்டி காய்வதே இல்லை. தகடும் ஈரமும் உப்பும் ஒன்று சேர்ந்தால் துருவுக்கு வேறென்ன வேண்டும்? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். வண்டி அதை அப்படியே செய்யும். ஒரு குளிர்காலம் தின்ற உப்பை உள்ளளவும் மறக்காது.

இனி என் தப்பு ஒன்றைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், உப்பு லோடு ஓட்டும் லாரி ஒன்று கதவின் அடிப்பக்கம் துருவோடு வந்தது. எமரி ஷீட்டில் மேலோட்டமாகத் தேய்த்தேன். பட்டி போட்டு, பிரைமர் அடித்து, எனாமல் அடித்து, மேலே பாலிஷும் போட்டேன். கண்ணாடி மாதிரி இருந்தது. ஓனர் கையில் பத்து ரூபாய் வைத்தார். ஆறு மாதத்தில் அதே கதவு கொப்புளம் கொப்புளமாகத் திரும்பி வந்தது. மேஸ்திரி ஒன்றும் பேசாமல் கட்டை விரலால் அழுத்தினார். விரல் உள்ளே போயிற்று. "உனக்கு மினுக்கத் தெரியுது, காக்கத் தெரியல" என்றார். இரும்பு துருவாகும்போது முன்பிருந்ததைவிடக் கூடுதல் இடம் கேட்கும். மேலே எத்தனை பூச்சு இருந்தாலும் நெம்பித் தூக்கிவிடும். ஆகவே, கண்ணு, முதலில் அந்த இரண்டு கொப்புளத்தைக் கவனி. ஒர்க் ஷாப்பில் காட்டி, வெள்ளைத் தகடு தெரிகிற வரை சுரண்டி, பிரைமரும் டச்-அப் பெயிண்டும் வைக்கச் சொல். கல் தெறித்த புள்ளிகளுக்கும் அதே வைத்தியம். துருவின் மேல் மெழுகு போடுவது, சீழ் வைத்த புண்ணுக்குப் பவுடர் பூசுகிற கதை.

இப்போது மெழுகுக்கு வருகிறேன். உன் வண்டியின் பூச்சு எல்லா அடுக்கும் சேர்ந்தே ஒரு காகிதத்தாளின் கனத்தைவிடக் கொஞ்சம்தான் கூட. அதில் மேலே இருக்கிற நிறமில்லாத கிளியர் கோட்டு பாதித் தாள் கனம்கூடத் தேறாது. ரப்பிங் காம்பவுண்டு போட்டுத் தேய்க்கும் ஒவ்வொரு தடவையும் அந்தத் தாளில் கொஞ்சம் போகிறது. பாலிஷ் பூச்சைக் குறைக்கும், மெழுகு அதன்மேல் தன்னைச் சேர்க்கும். கடையில் இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்திருப்பார்கள். டப்பாவைப் படித்துப் பார்த்து வாங்கு.

மெழுகு என்ன செய்யும் என்று உனக்கு நான் சொல்லித்தரவே வேண்டாம். நம் வாழைத்தோப்பில் வளர்ந்தவள் நீ. மழை பெய்ததும் இலைமேல் தண்ணீர் ஒட்டாமல் உருண்டு ஓடும். இலையின் அடியில் விரலை வைத்தால் வெள்ளையாகப் பொடி வரும். அதுதான் இலையின் மெழுகு. மருந்தடிக்கும்போது ஒட்டும் திரவம் கலப்பதும் அதனால்தான். இல்லாவிட்டால் மருந்து முழுக்க மண்ணுக்குப் போய்விடும். வண்டிக்குப் போடும் கார்னோபா மெழுகும் இலையில் இருந்து எடுப்பதுதான். பிரேசில் நாட்டின் வடகிழக்கில், வறண்ட சீமையில் வளரும் ஒரு பனை அது. வெயிலில் ஈரம் போகாமல் இருக்க ஓலைமேல் மெழுகைச் சுரந்துகொள்ளும். ஓலையைக் காயவைத்துத் தட்டி, உதிரும் பொடியை உருக்கி எடுக்கிறார்கள். 80 டிகிரிக்கு மேல்தான் உருகும். தாவர மெழுகுகளில் கடினமானது என்று பெயர் எடுத்தது.

ஆனாலும் உன் ஊருக்குக் கார்னோபாவை மட்டும் நம்பச் சொல்ல மாட்டேன். அதன் பளபளப்பு அழகு, ஆனால் இரண்டு மாதம் தாங்கினால் அதிகம். சீலன்ட் என்று செயற்கை மெழுகு விற்கிறார்கள். அவ்வளவு மினுக்காது, ஆனால் நான்கைந்து மாதம் நிற்கும். குளிருக்கு அதுதான் சரி. செராமிக் கோட்டிங் போடலாமா என்று உன் தோழி கேட்டதாக அப்பா சொன்னான். பதினோரு வருஷ வண்டிக்கு அது வேண்டாம். அந்தக் காசில் விண்டர் டயர் வாங்குங்கள்.

எப்போது போடுவது? அக்டோபர் 1 ஆயுத பூஜை. இங்கே லாரிகளை எல்லாம் கழுவிச் சந்தனம் வைப்பார்கள். உன் வண்டிக்கும் அதையே கணக்காக வைத்துக்கொள். தவறினால் 13ஆம் தேதி உங்கள் நன்றி நவிலும் நாள் விடுமுறை இருக்கிறது, அதற்கு மேல் தள்ளாதே. தகடு பத்து டிகிரிக்குக் கீழே குளிர்ந்துவிட்டால் மெழுகு சரியாகப் பரவாது, பிடிக்காது. சுடுகிற தகட்டில் போட்டால் உடனே காய்ந்து, துடைக்க வராது. நிழல் வேண்டும், இளஞ்சூடு வேண்டும்.

முறையை வரிசையாகச் சொல்கிறேன். காசு போட்டுக் கழுவும் இடத்துக்குப் போ. அங்கே தொங்குகிற பிரஷ்ஷை மட்டும் தொடாதே, ஊரில் இருக்கிற மண் எல்லாம் அதில்தான் இருக்கும். முதலில் வெறும் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணை இறக்கு. பிறகு இரண்டு பக்கெட், ஒன்றில் வண்டிக்கு உரிய ஷாம்பு, ஒன்றில் நல்ல தண்ணீர். ஒவ்வொரு தடவையும் துணியை நல்ல தண்ணீரில் அலசிவிட்டு ஷாம்புவில் தோய். பாத்திரம் விளக்கும் சோப்பு வேண்டாம், எண்ணெய்ப் பசையை அறுக்கிற சோப்பு மெழுகையும் விடாது. மேலிருந்து கீழே வா, சக்கரம் கடைசி. துடைத்தபின் உள்ளங்கையால் தடவிப் பார். சொரசொரவென்றால் கிளே பார் வாங்கி, வழுக்குத் தண்ணீர் தெளித்து மெல்ல இழு. பிறகு மெழுகு. நாங்கள் பழைய பனியன் துணியில் செய்தோம், நீ மைக்ரோஃபைபர் துணியில் செய். பானெட் ஒரு தடவை, ஒரு கதவு ஒரு தடவை என்று பகுதி பகுதியாக எடு. மெல்லிசாகத் தடவு. கனமாக அப்பினால் கூடுதலாகக் காக்காது, துடைக்கத்தான் கூடுதல் நேரம் ஆகும். மங்கலாகப் படலம் கட்டியதும் சுத்தமான வேறு துணியால் துடை. கறுப்பு பிளாஸ்டிக்கில் பட்டால் வெள்ளைக் கறை நிற்கும், முன் கண்ணாடியில் பட்டால் இரவில் வெளிச்சம் கலங்கும். அந்த இரண்டு இடத்திலும் கவனம்.

மெழுகு செய்யாததையும் தெரிந்துகொள். அது தோலைக் காக்கும், எலும்புக்கு எட்டாது. வளைவுக் கொப்புளம் பெரும்பாலும் உள்பக்கத்தில் இருந்துதான் வரும். எங்கள் பட்டறையில் வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் சேசிஸுக்கு ஆயில் ஸ்பிரே அடிப்பார்கள். உங்கள் ஊரிலும் வருஷா வருஷம் குளிருக்கு முன்னால் அடிப்பக்கத்துக்கும் கதவுகளுக்கு உள்ளேயும் எண்ணெய் பீய்ச்சித் தருகிற கடைகள் உண்டு. ஓரிரு நாள் சொட்டும், அடுத்தவர் வாசலில் நிறுத்தாதே. கதவின் அடியில் தண்ணீர் வடியும் சின்னத் துளைகள் இருக்கும், அவை அடைபடாமல் பார்த்துக்கொள். இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால், எண்ணெய்க்குக் கொடு. பளபளப்பு அடுத்த வருஷம் வரட்டும்.

குளிர் முழுக்கச் செய்ய வேண்டியதும் உண்டு. பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, சூடு பூஜ்யத்துக்கு மேலே ஏறும் நாளாகப் பார்த்து, அடிப்பக்கத்தோடு சேர்த்துக் கழுவு. கழுவியதும் கதவு ரப்பரைத் துடைத்து உலர்த்து, இல்லையென்றால் மறுநாள் கதவு உறைந்து திறக்காது. பூச்சின் மேல் இருக்கிற பனியைச் சுரண்டியால் தொடாதே, நுரைப் பிரஷ்ஷால் தள்ளு. சூடாக இருக்கும் பேஸ்மென்ட் பார்க்கிங் வண்டிக்கு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். உறைபனியைவிட வெதுவெதுப்பில்தான் உப்பு வேகமாகத் தின்னும். அங்கே நிறுத்துகிறவர்கள்தான் அடிக்கடி கழுவ வேண்டும். ஜனவரியில் சில நாள் குளிர் இளகும். அப்போது சூரியன் அடிக்காத இடத்தில் நிறுத்தி இன்னொரு கை மெழுகு போட முடிந்தால் போடு. ஏப்ரலில் உப்பு வண்டிகள் நின்றதும் அடியை நன்றாகக் கழுவி, மறுபடி மெழுகு.

திரும்பத் திரும்பவா என்று சலித்துக்கொள்வாய். நம் பழைய வீடு மண் தரை. உன் கொள்ளுப்பாட்டி வெள்ளிக்கிழமை தோறும் சாணம் மெழுகுவாள். சனிக்கிழமை முதல் நாங்கள் மிதித்துத் தேய்ப்போம். சின்னப் பையனாக இருந்தபோது, எப்படியும் தேயப் போவதை ஏன் மெழுகுகிறாய் என்று கேட்டிருக்கிறேன். "அது தேயலன்னா தரை தேயும்" என்றாள். பெயிண்ட் வேலையில் நான் கற்றதெல்லாம் அந்த ஒரு வரிக்குள் அடங்கும். மெழுகின் வேலையே தேய்வதுதான். பூச்சுக்குப் பதிலாக அது உப்பிடம் தன்னைக் கொடுத்துவிட்டுப் போகிறது. போன இடத்தில் மறுபடி வைக்க வேண்டியது நம் வேலை. ஒருமுறை செய்துவிட்டு வருஷம் முழுக்க நம்பியிருக்கிறவனுக்குத்தான் கொப்புளம் வரும்.

வேலை முடிந்ததும் பானெட்டில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பு. தண்ணீர் முத்து முத்தாக நின்றால் நீ செய்தது சரி. மாதத்தில் ஒருமுறையாவது, கழுவி முடித்ததும், அதே மாதிரி பார். நம் ஊர்க் கோரைப்பாய் விரித்தது போல என்றைக்குப் படர்ந்து கிடக்கிறதோ, அந்த வாரமே டப்பாவைத் திற.

இப்படிக்கு,
உன் தாத்தா