பஸ்ஸா, ஃபிளைட்டா? அர்ஜென்டினா கிளம்பற தங்கச்சிக்கு

முதுகுப் பையை மாட்டிக்கிட்டு தனியா அர்ஜென்டினா கிளம்பறியாமே, சந்தோஷம். ஆனா மேப்பை விரிச்சு வச்சுக்கிட்டு “இது பக்கம்தானே”ன்னு விரலால அளக்காதே. வடக்கே பொலிவியா எல்லையிலேருந்து தெற்கே உஷுவாயா வரைக்கும் கிட்டத்தட்ட 3,700 கி.மீ. நம்ம ஊர் மாதிரி ராத்திரி ரயிலேறிப் படுத்துக்கலாம்னும் நினைக்காதே. 1990-கள்ல ரயில்வேயைத் தனியாருக்குக் கொடுத்தப்போ அங்கே வெளியூர் பயணிகள் ரயில் பெரும்பாலும் நின்னுபோச்சு. அந்த இடத்தைப் பிடிச்சதுதான் பெரிய டபுள் டெக்கர் பஸ்ஸுங்க.

எல்லாரும் முதல்ல டிக்கெட் விலையைப் பார்ப்பாங்க. நான் ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்குன்னு பார்ப்பேன். நிலம் மாறிக்கிட்டே வந்தா பகல் பஸ். நிலம் ஒரே மாதிரி, ஆனா ஒரு ராத்திரியில போய்ச் சேர்ந்துடலாம்னா ராத்திரி பஸ். ஒரே மாதிரியும் இருந்து, ரெண்டாவது ராத்திரிக்கும் இழுத்தா யோசிக்கவே வேண்டாம், ஃபிளைட்.

தலைநகர் புவெனஸ் ஐரஸ்லேருந்து மெண்டோசா சுமார் 1,050 கி.மீ., பஸ்ல 14 மணி நேரம் பிடிக்கும். வழியில பெரும்பாலும் பம்பாஸ் சமவெளி, மாடும் வேலியும்தான். சாயங்காலம் ஏறிப் படுத்தா காலையில மெண்டோசா, ஒரு ராத்திரி ரூம் வாடகையும் மிச்சம். ஃபிளைட்ல ரெண்டு மணி நேரம்தான்னு சொல்லுவாங்க. ஏர்போர்ட் போறது, காத்திருக்கிறது, பைக்குத் தனிக் காசு எல்லாத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டா இந்த ரூட்ல பஸ்ஸுக்குத்தான் என் ஓட்டு. இகுவாசு அருவிக்கு 1,300 கி.மீ. இருக்கு. அதுவரைக்கும் ராத்திரி பஸ் தாங்கும். சால்டா, பரிலோச்சே ரெண்டும் 20 மணி நேரத்தைத் தொடும், அங்கே விலை பார்த்து முடிவு பண்ணு.

தெற்கே படகோனியாவுக்கு மட்டும் வீம்பு வேண்டாம். தலைநகர்லேருந்து எல் கலாஃபதே போக பஸ்ல ஏறக்குறைய ரெண்டு நாள், ரியோ கஜேகோஸ்ல வண்டி மாறணும். வெளியே புதர், காத்து, மறுபடியும் புதர். ஃபிளைட்ல மூணு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். உஷுவாயா இன்னும் சிக்கல். அது ஒரு தீவுல இருக்கு. ரோடு சிலி நாட்டுக்குள்ள புகுந்து, மெகல்லன் ஜலசந்தியை ஃபெர்ரியில தாண்டி, திரும்ப அர்ஜென்டினாவுக்குள்ள வரும். அதாவது சிலிக்குப் போக நம்ம பாஸ்போர்ட்டுக்கு விசா வேணுமா, அர்ஜென்டினா விசா ஒரு தடவை நுழையறதுக்கு மட்டுமான்னு ரெண்டையும் பார்க்காம அந்த பஸ்ல ஏறவே கூடாது.

ஆனா எல் கலாஃபதேலேருந்து எல் சால்டேன் போற 215 கி.மீ.க்கு பகல் பஸ்தான். மூணு மணி நேரம். நடுவுல லா லியோனா ஆத்தங்கரையில நிறுத்துவாங்க, காபி குடிச்சுக்கலாம். மேகம் இல்லாத நாள்னா கடைசி ஒரு மணி நேரம் ஃபிட்ஸ் ராய் மலை நேரா கண்ணாடிக்கு முன்னாடி நிக்கும். மேல் தட்டுல முதல் சீட்டைப் பிடி.

அதைவிட ஒரு பஸ் இருக்கு: மெண்டோசாவிலேருந்து சிலியோட சந்தியாகோ. தூரம் 360 கி.மீ. சொச்சம்தான், ஆனா எல்லைச் சோதனையோட எட்டு மணி நேரம்கூட ஆகும். ஆண்டிஸ் மலையை ஏறி, சுமார் 3,200 மீட்டர் உயரத்துல சுரங்கம் வழியா அந்தப் பக்கம் போகும். வலது பக்க ஜன்னல் கேட்டு வாங்கு. 6,961 மீட்டர் அகோன்காகுவா அந்தப் பக்கம்தான் எட்டிப் பார்க்கும். சிலி பக்கம் இறங்கும்போது கொண்டை ஊசி வளைவுங்க ஒண்ணுக்குக் கீழே ஒண்ணா அடுக்கி வச்சிருக்கும், உனக்கு வாந்தி வரும்னா காலையில வயித்தை ரொப்பிக்காதே. இதை ராத்திரி பஸ்ல தூங்கிக்கிட்டே கடக்கிறவங்களைப் பார்த்தா எனக்குப் பாவமா இருக்கும். ஜூன்லேருந்து செப்டம்பர் வரைக்கும் பனி கொட்டினா பாதையை நாள்கணக்குல மூடிடுவாங்க. அந்த மாசங்கள்ல சந்தியாகோவுல மறுநாள் ஃபிளைட் வச்சுக்காதே.

பஸ்ல வகுப்பு உண்டு. செமி காமான்னா ரெண்டுக்கு ரெண்டு சீட், ஓரளவு சாயும். காமான்னா ரெண்டுக்கு ஒண்ணு, நல்லா அகலமா இருக்கும். தனியாப் போற பொண்ணுக்கு அந்த ஒத்தை சீட்தான் நிம்மதி, கூடக் கொடுக்கிற காசு தப்பே இல்லை. ஏசியை விறைக்கிற அளவுக்கு வைப்பாங்க. ஸ்வெட்டரையும் சாக்ஸையும் பெரிய பையில போட்டு டிக்கியில அனுப்பிட்டு அப்புறம் முழிக்காதே. டாய்லெட் இருக்கும், ஒண்ணுக்குப் போக மட்டும்தான்.

தலைநகர்ல பஸ் கிளம்பற இடம் ரெட்டிரோ. டிக்கெட்ல பிளாட்பாரம் ‘20 முதல் 35’ங்கிற மாதிரிதான் போட்டிருக்கும், போர்டு மேல ஒரு கண்ணு, பை மேல ஒரு கண்ணு. பாஸ்போர்ட், பணம், போன் மடியிலேயே இருக்கட்டும். பையை ஏத்தறவர் டோக்கன் கொடுத்துட்டு நிப்பார், சில்லறை எடுத்து வச்சுக்க.

சைவம்னா சாப்பாடு உன் பொறுப்பு. பஸ்ல கொடுத்தாலும் ஹாம்-சீஸ் சாண்ட்விச்தான் வரும். ஆனா அந்த ஊர்க்காரங்களுக்கு மாத்தே பானம் இல்லாம ஓடாது. அதனால பஸ் ஸ்டாண்ட், பெட்ரோல் பங்க்ல எல்லாம் வெந்நீர் கிடைக்கும். ஒரு ஃபிளாஸ்க்கும் ரெடிமேட் உப்புமா பாக்கெட்டும் இருந்தா ராஜா வீட்டுக் கன்னுக்குட்டி நீ. சிலி எல்லையில மட்டும் பழம், தேன், விதை எதுவும் விடமாட்டாங்க. ஃபார்ம்ல உணவுப் பொருள் ‘இருக்கு’ன்னே எழுது, மறைச்சா அபராதம்.

ஃபிளைட் போடறப்போ ஏர்போர்ட் பேரைப் படி. உள்நாட்டு விமானங்கள் பெரும்பாலும் ஆற்றங்கரையில ஊருக்குள்ளேயே இருக்கிற ஏரோபார்க்கேவுலேருந்து கிளம்பும். வெளிநாட்டு விமானம் அநேகமா 30 கி.மீ. தள்ளி எசெய்சாவுல. ஒண்ணுலேருந்து இன்னொண்ணுக்கு ஊரையே கடக்கணும். அதனால ஊர் திரும்பற நாளன்னிக்கு உள்நாட்டு ஃபிளைட் வேண்டாம், முந்தின நாளே வந்துடு.