மின்சாரத்துக்கு அடையாளம் தெரியாது

அன்புள்ள தம்பிக்கு,

மின்புலத்தில் செல்கள் எல்லாம் ஒரே முனையை நோக்கித்தானே ஓடுகின்றன, பிறகு மின்சாரம் அவற்றை எப்படிப் பிரிக்கும் என்று கேட்டிருந்தாய். சரியான கேள்வி. நம் ரத்தச் செல்களின் மேற்பரப்பில் இருப்பது எதிர்மின்னூட்டம். சிவப்பணுவில் அதற்கு முக்கியக் காரணம், சர்க்கரைச் சங்கிலிகளின் நுனியில் இருக்கும் சியாலிக் அமிலம். நியூராமினிடேஸ் நொதியால் அதைக் கத்தரித்துவிட்டால் சிவப்பணுவின் வேகம் விழுந்துவிடும். ஆகவே வேறுபாடு திசையில் இல்லை, வேகத்தில்தான். அந்த வேறுபாடும் பல நேரம் போதாது. சுண்டெலியின் டி, பி லிம்ஃபோசைட்டுகள் ஓரளவு விலகி ஓடும். மனித ரத்தத்தில் இரண்டின் வேகமும் ஒன்றோடொன்று கலந்துவிடும். மின்சாரத்துக்கு மின்னூட்டம்தான் தெரியும், ஆள் தெரியாது. ஆள் தெரிந்தது ஆன்டிபாடிக்கு.

மின்சாரம், ஆன்டிபாடி இரண்டையும் 1982இல் ஜெர்மனியில் ஹான்சனும் ஹானிக்கும் சேர்த்துவைத்தார்கள். ஹானிக்கின் கருவியில் நெருக்கமாக நிறுத்திய இரண்டு தகடுகளுக்கு நடுவே தாங்கல் கரைசல் வழிந்துகொண்டே இருக்கும், குறுக்கே மின்புலம். மேலே மெல்லிய இழையாக விடும் செல்கள் கீழே வருவதற்குள் விசிறிபோல் விரிந்து, வரிசையாக நிற்கும் குழாய்களில் தனித்தனியே விழும். ஒரு வகைச் செல்லின் மேற்பரப்பு அடையாளமான ஆன்டிஜென்மீது மட்டும் ஆன்டிபாடி ஒட்டினால், அதன் எதிர்மின்னூட்டம் மூடப்படுகிறது. முதல் ஆன்டிபாடியைப் பற்றும் இன்னொன்றை மேலே ஏற்றினால் மூடல் இன்னும் தடிக்கிறது. அந்த வகை பின்தங்கி வேறு குழாய்க்குப் போகிறது.

யானை முதுகில் ஈ உட்கார்ந்தால் நடை குறையுமா என்பாய். செல் சில மைக்ரோமீட்டர், ஆன்டிபாடி சுமார் 10 நானோமீட்டர்தான். ஆனால் இங்கே எடை கணக்கில் வராது. செல்லை மின்புலம் இழுப்பது அதன் விளிம்பில் சில நானோமீட்டர் ஆழமுள்ள அடுக்கின் வழியாகத்தான். அந்த அடுக்கை மூட ஈயின் அளவு தாராளம். இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: ஆன்டிபாடிக்கு இரண்டு கைகள். அது ஆன்டிஜென்களை இழுத்து ஓரிடத்தில் குவிக்கும், செல்லைத் தூண்டியும் விடும். அதனால்தான் எல்லாம் குளிரில் நடக்கிறது. ஒற்றைக் கைத் துண்டைப் பயன்படுத்துவதும் உண்டு. மோனோசைட் போன்றவை ஆன்டிபாடியின் வாலைப் பிடித்துக்கொண்டு பொய் அடையாளம் காட்டும் (எரிச்சலூட்டும் பிறவிகள்!). எனவே சம்பந்தமில்லாத ஆன்டிபாடி ஏற்றிய செல்களையும் ஒருமுறை ஓடவிட்டு ஒப்பிட வேண்டும்.

செல்களைப் பிரிக்கக் காந்த மணிகள் வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்றால், பெரும்பாலான ஆய்வகங்களுக்குத் தேவையில்லைதான். காந்தம் எளிது, மலிவு. ஆனால் அதில் மணி ஒட்டியது, ஒட்டாதது என்று இரண்டே கூடை. இங்கே ஆன்டிஜென் குறைவாக உள்ள செல் ஒரு குழாயிலும், நிறைய உள்ளது வேறொன்றிலும் விழ வாய்ப்பிருக்கிறது.

அன்புடன்,
அண்ணன்