கல் ஏற்றினால் கலப்பை இறங்குமா?

கோடை மழை நின்று மண் பக்குவத்துக்கு வந்ததும் ஊரில் டிராக்டருக்குக் கிராக்கி வந்துவிடும். வாடகை மணிக்கணக்கில் ஓடுவதால், கலப்பை எப்படி மாட்டப்பட்டிருக்கிறது என்று நின்று பார்க்க யாருக்கும் பொழுதில்லை. ‘உழவு சரியில்லை’ என்று யாராவது சொன்னால் நான் முதலில் சந்தேகிப்பது அந்த மாட்டலைத்தான்.

கொத்துக் கலப்பை ஆழம் போகவில்லையென்றால் மேலே பாறாங்கல்லையோ மணல் மூட்டையையோ ஏற்றுவது பல இடங்களில் பழகிப்போன வைத்தியம். சில வயல்களில் ஆளே ஏறி நிற்கிறார். கால் இடறினால் அவர் விழுவது ஓடுகிற கொத்துகளுக்கு நடுவே. இந்த வழக்கத்தை இன்றே நிறுத்த வேண்டும். ஆழத்துக்கு அது தேவையே இல்லை.

கொத்துக் கலப்பையை மண்ணுக்குள் இழுப்பது முக்கியமாகக் கொழுவின் சாய்வு. அந்தச் சாய்வை மாற்றும் உறுப்பு, கலப்பையின் மேல்முனையை டிராக்டரோடு சேர்க்கும் டாப் லிங்க். அதைத் திருகிக் குறுக்கினால் கலப்பையின் முன்பக்கம் தாழ்ந்து கொழு மண்ணைக் கவ்வும். அளவுக்கு மீறிக் குறுக்கினால் முன்வரிசைக் கொத்துகள் புதைய, பின்வரிசை மேலோட்டமாகச் சுரண்டிக்கொண்டு போகும். கொழு மழுங்கியிருந்தால் எந்தத் திருகலும் உதவாது. திருப்பிப் போடவோ மாற்றவோ வேண்டும். சட்டிக் கலப்பை மட்டும் வேறு சாதி. அது மண்ணில் இறங்க எடை உண்மையிலேயே வேண்டும். அதனால்தான் அதைக் கனமாகவே செய்கிறார்கள். அதற்கும் சட்டியின் கோணங்களைச் சரிசெய்த பிறகுதான் கூடுதல் எடையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

எடையை நம்பாமல் இணைப்பின் அமைப்பை நம்பியவர் வட அயர்லாந்தின் ஹாரி ஃபெர்குசன். அவர் காலத்து டிராக்டர்கள் கலப்பையைச் சும்மா இழுத்துக்கொண்டு போயின. கலப்பை கல்லில் மாட்டினால் முன்சக்கரம் தூக்கி, வண்டி ஓட்டுபவர்மேலேயே கவிழ்ந்துவிடும். 1926-ல் அவர் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இன்றைய மூன்று முனை இணைப்புக்கு அடித்தளம். கீழ்க்கைகள் இரண்டும் கலப்பையை இழுக்க, மண் எதிர்க்கும்போது மேல்கையான டாப் லிங்க் டிராக்டரை முன்னோக்கித் தள்ளி மூக்கைக் கீழே அழுத்துகிறது. 1939-ல் ஃபோர்டின் 9என் டிராக்டரோடு அது பரவியது. 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனம் மாஸ்ஸி ஃபெர்குசன் டிராக்டர்களை இங்கே தயாரித்தது. இன்று எந்த நிறுவனத்து வண்டியின் பின்னாலும் இருப்பது அந்த மூன்று முனைதான்.

‘ஹைட்ராலிக் லிவர் தூக்கவும் இறக்கவும் மட்டும்’ என்பது இன்னொரு தவறான எண்ணம். பெரும்பாலான டிராக்டர்களில் லிவர்கள் இரண்டு. ஒன்று கலப்பையைக் குறிப்பிட்ட உயரத்தில் நிறுத்தும். மற்றது மண்ணின் எதிர்ப்பை உணர்ந்து, இறுகிய இடத்தில் கலப்பையைச் சற்றே தூக்கி, கடந்ததும் தானே இறக்கும். அப்படித் தூக்கும்போது எடை பின்சக்கரத்துக்கு மாறுவதால் டயர் வழுக்குவது குறைகிறது. இதைப் பயன்படுத்தாமல் ‘குதிரைத்திறன் போதவில்லை’ என்று வண்டியைக் குறை சொல்வது நியாயமில்லை.

கலப்பையோ மரக்கட்டையோ, சங்கிலியை எங்கே கட்டினாலும் ஒன்றுதான் என்று நினைப்பது உயிருக்கே ஆபத்து. பின் அச்சிலோ டாப் லிங்க் மாட்டும் இடத்திலோ கட்டி இழுத்தால் ஃபெர்குசனுக்கு முந்தைய விபத்து திரும்ப வரும். இழுவைக்குக் கீழே இருக்கும் டிராபாரைத் தவிர வேறு இடம் கிடையாது.

ரோட்டவேட்டர் மாட்டும்போது பி.டி.ஓ. தண்டின் மேல் உறையைக் கழற்றி எறிவதும் வழக்கமாகிவிட்டது. ‘இடைஞ்சல்’ என்கிறார்கள். அந்தத் தண்டின் வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் நொடிக்கு ஒன்பது. துண்டு நுனியோ சேலைத் தலைப்போ சிக்கினால் கையை இழுத்துக்கொள்ள நேரமிருக்காது.

மாட்டும் வரிசை எளிது: முதலில் இடது கீழ்க்கை, பிறகு உயரம் திருகக்கூடிய வலது கீழ்க்கை, கடைசியில் டாப் லிங்க். கழற்றும்போது தலைகீழ். சமதரையில் நிறுத்தி, கலப்பை இடவலமாக மட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வயலில் இரண்டு சால் ஓட்டியதும் கலப்பையை இறக்கிவிட்டு, எஞ்சினை நிறுத்தி, இறங்கிப் போய் ஒவ்வொரு கொத்தின் தடத்திலும் குச்சியை விட்டு ஆழம் அளந்து பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் முன்பின் வரிசைக்கு டாப் லிங்க்கையும், இடவலத்துக்கு வலது கீழ்க்கையையும் திருகிச் சரிசெய்துவிட்டு மீதி வயலுக்குப் போகலாம்.