பெட்ரோலை அந்தப் பட்டியலிலிருந்து எடு

அன்புத் தம்பிக்கு,

மெக்கானிக் சங்க ஆண்டு மலரில் நீ எழுதிய 'பாகம் கழுவ எந்தத் திரவம்?' கட்டுரையைப் படித்தேன். சுரண்டிவிட்டுக் கழுவு, கழுவியதும் காற்றடி என்பதெல்லாம் உனக்கும் எனக்கும் தெரிந்த சங்கதி. அதற்குள் நான் போகப்போவதில்லை. எனக்குக் கோபம் வந்தது மூன்றாம் பக்கத்தில், கட்டம் போட்டு நீ கொடுத்திருக்கிற பட்டியலைப் பார்த்துத்தான். நான்கு திரவங்களை எழுதி, 'கிரீஸை எவ்வளவு சீக்கிரம் கரைக்கும்' என்பதற்கு மார்க் போட்டு, பெட்ரோலுக்கு முதலிடம் கொடுத்திருக்கிறாய். பக்கத்திலேயே 'கவனமாகப் பயன்படுத்தினால்' என்று ஒரு வாசகம்.

நீ கவனமாக இருப்பாய், ஒப்புக்கொள்கிறேன். அடுத்த வண்டியில் கிரைண்டர் பிடிக்கிறவனுக்கு உன் ட்ரேயில் என்ன இருக்கிறதென்று எப்படித் தெரியும்? பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று மடங்குக்கு மேல் கனம். மேலே போகாது. தரையோடு ஊர்ந்து போய்ப் பள்ளத்தில் தேங்கும். நம்ம பட்டறைகளில் பள்ளம் என்றால் வேறெது, வண்டிக்கு அடியில் ஆள் இறங்கி நிற்கிற குழிதான்.

நான் கற்றுக்கொண்ட காலத்தில், சேலம் பக்கத்துப் பட்டறை ஒன்றில் ஒரு பையன் குழி ஓரத்தில் உட்கார்ந்து கிளட்ச் ஹவுசிங்கைப் பெட்ரோலில் கழுவிக்கொண்டிருந்தான். குழிக்குள் வயர் விளக்கு தொங்கியது. சூடான பல்பின் மேல் ஒரு சொட்டு தெறித்துக் கண்ணாடி வெடித்தது. அவ்வளவுதான். அவன் பிழைத்துக்கொண்டான், ஆனால் விரலை முழுதாக மடக்கிப் பிடிக்க அவனால் அப்புறம் முடியவே இல்லை. எங்கள் மேஸ்திரி அன்றைக்கே பெட்ரோல் டின்னைப் பட்டறைக்கு வெளியே கொண்டுபோய் வைத்தார். கார்பரேட்டரிலிருந்து வடிகிற பெட்ரோலைக்கூட ட்ரேயில் ஊற்ற விடமாட்டார். சீமெண்ணெய் ட்ரேயில் கொஞ்சம் பெட்ரோல் கலந்தால் போதும், அது பெட்ரோல் மாதிரிதான் தீப்பிடிக்கும். நீ ஊற்றியது எதுவோ, மாலைக்குள் ட்ரேயில் இருப்பது வேறு. இதை உன் கட்டுரையில் எங்கேயும் காணோம்.

தீயை விடு. பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது. நம் நாட்டு பி.எஸ். 6 எரிபொருள் தரத்திலேயே நூற்றுக்கு 1 பங்கு வரை அனுமதி உண்டு. அது ரத்தப் புற்றுநோய் தரும் என்பது ஐயமில்லாமல் நிலைநாட்டப்பட்ட விஷயம். தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். முழங்கை வரை நனைத்துக்கொண்டு தினம் கழுவுகிற பையனுக்கு, 'கவனமாக' என்று எழுதியதால் என்ன பயன்?

சீக்கிரம் கரைக்கிறதா என்பதை நான் கடைசியில்தான் கேட்பேன். முதலில் கேட்பது ஃப்ளாஷ் பாயிண்ட். எத்தனை டிகிரியில் இதன் ஆவி தீயைப் பிடிக்கும்? இந்த ஒரு எண்ணுக்காக நான் கடைக்காரர்களோடு சண்டை போட்டிருக்கிறேன், இனியும் போடுவேன். பெட்ரோலுக்கு அது பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி சுமார். சீமெண்ணெய்க்குக் குறைந்தது 35 இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். டீசலுக்கும் அதே 35தான். அதற்கு மேல் எவ்வளவு என்பது பீப்பாய்க்குப் பீப்பாய் மாறும். இப்போது நாமக்கல்லில் சித்திரை மாத மத்தியானத்தை நினைத்துப் பார். நிழலிலேயே 40. தகரக் கூரைக்குக் கீழே இன்னும் கூடுதல். 'சீமெண்ணெய் பாதுகாப்பானது' என்று நீ எழுதியிருப்பது ஐரோப்பியக் குளிருக்குப் பொருந்தும். நம்ம ஊர் கோடையில் ட்ரேயின் சூடே அந்த எல்லையைத் தொட்டு நிற்கும்.

இந்த எண்ணுக்காகவே ஒரு கரைப்பான் பிறந்த கதை உண்டு. அமெரிக்காவின் அட்லாண்டாவில் ஸ்டாடர்டு என்று ஒரு டிரைகிளீனர் இருந்தார். துணி வெளுக்கப் பெட்ரோல் மாதிரித் திரவங்களைப் பயன்படுத்தி அந்தத் தொழிலே அடிக்கடி எரிந்துகொண்டிருந்த காலம். 1924 வாக்கில் மெல்லன் ஆய்வு நிறுவனத்தின் லாயிட் ஜாக்சனோடு சேர்ந்து, சுமார் 38 டிகிரிக்குக் கீழே தீப்பிடிக்காத பெட்ரோலியக் கரைப்பானை உருவாக்கினார். 1928-இல் அது அந்நாட்டு வணிகத் தரமானது. நம்ம ஊரில் பெயிண்ட் கடையில் எம்.டி.ஓ. (மினரல் டர்பெண்டைன் ஆயில்) என்று வாங்குகிறோமே, அது அதே குடும்பம். சலவைத் தொழில் நூறு வருஷத்துக்கு முன்னால் கைவிட்டதை நீ இன்றைக்கு மலரில் முதலிடத்தில் வைக்கிறாய் தம்பி. இன்றைக்கு 60 டிகிரிக்கு மேல் ஃப்ளாஷ் பாயிண்ட் உள்ள, நாற்றம் குறைந்த கரைப்பான்கள் கிடைக்கின்றன. விலை கூடுதல்தான். ஆனால் சீக்கிரம் ஆவியாகாது, அதனால் பீப்பாய் பல நாள் தாங்கும். கடைக்காரர் பாதுகாப்புத் தகவல் தாளைக் கொடுக்க மறுத்தால் வாங்காதே.

தீப்பிடிக்காது என்பதற்காக மட்டும் ஒன்றை நம்பிவிடவும் கூடாது. மோட்டார் வைண்டிங் கடைகளில் ஒரு காலத்தில் சி.டி.சி. என்று ஒரு திரவம் இருந்தது. கார்பன் டெட்ராகுளோரைடு. ஆர்மேச்சரை அதில் அலசினால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். இனிப்பான வாசனை. தீப்பிடிக்காதது மட்டுமா, தீயணைப்பானிலேயே அதை நிரப்பி விற்றார்கள். கதவைச் சாத்திக்கொண்டு நாள் முழுக்க அதில் கழுவிய வைண்டர்களை எனக்குத் தெரியும். அந்தத் திரவம் ஈரலையும் சிறுநீரகத்தையும் அரிக்கும். சூடான உலோகத்தில் பட்டால் பாஸ்ஜீன் வாயுவாகும். ஓசோனையும் கெடுக்கிறது என்று மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி 2010-இல் இந்தியாவில் கழுவும் உபயோகத்துக்கு அதை நிறுத்தினார்கள். அதற்கு மாற்று என்று சொல்லிக்கொண்டு வந்தது டிரைகுளோரோஎத்திலீன். 2012-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதையும் மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று உறுதி செய்தது. 'புதுசா ஒண்ணு வந்திருக்கு, எரியவே எரியாது' என்று யாராவது டின்னைக் கொண்டுவந்தால், அதில் குளோரின் இருக்கிறதா என்று கேள்.

அடுத்தது ரப்பர். 'பிரேக் மாஸ்டர் சிலிண்டர் கிட்டையும் அதே ட்ரேயில் அலசிக்கொள்ளலாம்' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டாய். அந்த வரியைப் படித்ததும் மலரை மூடி வைத்துவிட்டேன். பிரேக் ஆயில் என்று நாம் சொல்வது எண்ணெயே இல்லை, கிளைக்கால் வகை. அதற்கேற்ற ரப்பரில்தான் வாஷர் கப் வருகிறது. சீமெண்ணெயோ டீசலோ பட்டால் அந்த ரப்பர் உப்பும். உடனே தெரியாது. மாட்டும்போது சரியாகத்தான் உட்காரும். வண்டி போய்ப் பத்து இருபது கிலோமீட்டரில் கப் ஊதி, ஆயில் திரும்புகிற துளையை அடைக்கும். பிரேக் விடாது, டிரம் காயும், கடைசியில் பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்காது. பிரேக் பாகத்தைப் புதிய பிரேக் ஆயிலில் கழுவு, இல்லை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவு. மூன்றாவது வழி கிடையாது. கையுறைக்கும் இதே கதைதான். சாதா ரப்பர் கையுறை சீமெண்ணெயில் ஊறி உப்பிவிடும். நைட்ரைல் வாங்கிக் கொடு.

காஸ்டிக் சோடாவை இரும்புக்கு மட்டும் என்று எழுதியது சரி. அலுமினியத்தை அதில் போட்டால் அரிப்பதோடு ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும் என்பதையும் சேர். ரேஷன் சீமெண்ணெயைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் விட்டிருக்கிறாய். அது ஏழை வீட்டு அடுப்புக்கு வந்தது. வெளியே போகக் கூடாது என்றுதான் நீலச் சாயம் போடுகிறார்கள். நீல ட்ரேயை எந்தப் பட்டறையில் பார்த்தாலும் எனக்கு ஆத்திரம் வரும்.

இவ்வளவு திட்டியும் இந்தக் கடிதத்தை நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உன் ஐந்தாம் பக்கம். எஃப்.ஐ. பம்பு, அதாவது டீசலைப் பீய்ச்சுகிற பம்பு, கழுவுகிற பகுதி. பிளஞ்சரையும் பேரலையும் ஜோடி பிரிக்காமல், சிலிண்டர் வரிசைப்படி தனித்தனிக் கிண்ணத்தில் வைத்து, பம்பு டெஸ்ட் ஆயிலிலேயே அலசச் சொல்லியிருக்கிறாய். இரண்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி சில மைக்ரான். தலைமுடி அதைப்போலப் பல மடங்கு தடிமன். ஒரு ஜோடி மாறினால் பம்பே போச்சு. வேஸ்ட் துணியால் துடைக்காதே, நூல் பிசிறு ஒட்டும் என்ற ஒரு வாக்கியம் போதும், இவன் கையால் வேலை செய்தவன் என்று தெரிந்துவிடும். இந்தத் தொழிலில் பெரிய கைகள் பலரைப் பார்த்தவன் நான். அவர்களில் ஒருவரும் இதை இவ்வளவு தெளிவாக எழுதி வைக்கவில்லை. அந்தப் பக்கத்தைக் கத்தரித்து ஒவ்வொரு டீசல் பம்பு கடையிலும் ஒட்ட வேண்டும். அதே கவனத்தோடு நீ ட்ரேயைப் பற்றியும் எழுதியிருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

என் பட்டறையில் நடந்ததைச் சொல்கிறேன், விருப்பம் இருந்தால் சேர்த்துக்கொள். எஞ்சின் பிளாக், கியர் பாக்ஸ் கூடு போன்ற பெரிய உருப்படிகளுக்கு வெந்நீர். 60 டிகிரி சுமாரில், அலுமினியத்துக்கு ஆகும் என்று எழுதிய பவுடர் கரைத்து. எடுத்தவுடன் காற்றடித்து, உடனே எண்ணெய் தடவ வேண்டும். அசந்தால் இரும்பில் கண்ணெதிரே துரு பூக்கும். பேரிங்குக்கும் சின்னப் பாகங்களுக்கும் 60 டிகிரிக்கு மேல் ஃப்ளாஷ் பாயிண்ட் உள்ள கரைப்பான். அரிசி களைவது போல இரண்டு ட்ரே: முதல் ட்ரேயில் அழுக்கு போகும், இரண்டாவதில் சுத்தம் வரும். ஒரே ட்ரேயில் கழுவிய பேரிங்கில் மணல்தான் சேரும். காற்றடிக்கும்போது பேரிங்கைச் சுழல விடாதே. மூடி போட்ட ட்ரே வாங்கு. தீப்பட்டால் இணைப்பு உருகி மூடி தானாக விழுகிற வகை கிடைக்கிறது. பழைய திரவத்தைச் சாக்கடையில் விடாமல், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிந்தவர்களிடம் கொடு. வாயால் டியூப் உறிஞ்சிச் சீமெண்ணெய் மாற்றுகிற பழக்கத்தை உன் பையன்களிடம் அடியோடு நிறுத்து. ஒரு மடக்கு நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பத்திரிதான்.

மலர் அடுத்த வருஷம்தான் வரும் என்று காத்திருக்காதே. சங்கக் கூட்டத்தில் ஒரு பக்கத் திருத்தம் அச்சடித்துக் கொடு. செலவை நான் ஏற்கிறேன். பட்டியலில் பெட்ரோல் இருக்கக் கூடாது, பிரேக் கிட் வரி இருக்கக் கூடாது. ஐந்தாம் பக்கத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாதே.