பனிக்காலத் தோட்டமும் பூனைகளும்

நுழையும்முன்

கோடையில் தோட்டத்தை நாடி வருவோர் பலர். உறைபனி நாளில் வருவோர் சிலரே. அங்கேயே வாழும் உயிர்களுக்கோ வேறு போக்கிடம் இல்லை. இங்கிலாந்தின் வாடகைத் தோட்டங்களில் அவை குளிர்காலத்தைக் கழிக்கும் முறையை இப்பாடம் கூறுகிறது.

இங்கிலாந்தின் நகரங்களில் இருப்புப்பாதை ஓரங்களிலும் குடியிருப்புகளின் பின்புறத்திலும் சிறுசிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்ட தோட்ட நிலங்களைக் காணலாம். அவற்றை அந்நாட்டார் ‘அலாட்மெண்ட்’ என்பர். மக்கள் காய்கறி பயிரிடுவதற்காக உள்ளாட்சி மன்றங்கள் ஆண்டு வாடகைக்கு விடும் நிலங்கள் அவை. 1908ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வாறு நிலம் வழங்குவதை மன்றங்களின் கடமையாக்கியது. ஒரு முழுத் துண்டு வழக்கமாக 250 சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறத்தாழ ஆறு சென்ட் பரப்புடையது. அதன் மூலையில் கருவிகள் வைக்க ஒரு மரக்கொட்டில் நிற்கும்.

டிசம்பர் இறுதியில் லண்டனின் பகற்பொழுது எட்டு மணி நேரத்திற்கும் குறைவு. மாலை நான்கு மணிக்கே இருள் சூழ்ந்துவிடும். உறைந்த மண்ணில் மண்வெட்டி இறங்காது. குழாய்கள் வெடித்துவிடும் என்பதால் பல தோட்டங்களில் நீர் வழங்கலையும் நிறுத்திவிடுவர். ஆயினும் நிலம் முற்றிலும் வெறுமையாகிவிடுவதில்லை. லீக் என்னும் வெங்காய இனம் பனியைத் தாங்கி நிற்கும். கேரட்டைப் போன்ற வெண்ணிறப் பார்ஸ்னிப் கிழங்கோ உறைபனி பட்ட பின்னரே நன்கு இனிக்கும். குளிரில் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதே காரணம்.

இத்தோட்டங்களுக்குப் பூனைகளை ஈர்ப்பவை எலிகள். உரக்குவியலும் கொட்டிலில் சேமித்த விதையும் எலிகளை அழைக்கின்றன. எலிகளைத் தொடர்ந்து பூனைகள் வருகின்றன. கைவிடப்பட்டவை சில, வழி தவறியவை சில, கொட்டிலின் அடியிலேயே பிறந்தவை சில. மக்கும் உரக்குவியலின் வெதுவெதுப்பு அவற்றிற்குப் பனிக்காலப் படுக்கை.

தோட்டக்காரர் எல்லாரும் இவற்றை விரும்புவதில்லை. புதிதாகக் கிளறிய பாத்தியைப் பூனைகள் கழிப்பிடமாக்கிவிடும். அக்கழிவால் மனிதருக்கு நோய் பரவவும் கூடும். மண்ணைக் கிளறுபவரின் காலடியில் புழு பொறுக்க வரும் செம்மார்புடைய ராபின் பறவையும் அவற்றின் வாயில் சிக்கும். இக்குறைகளைப் புறந்தள்ள இயலாது. என்றாலும், கோடை முழுவதும் மிஞ்சிய உணவை இட்டுப் பூனைகளைப் பழக்கிவிட்டு, குளிர் வந்ததும் கதவடைத்துச் செல்வது அதனினும் பெரிய குறை. உணவு வந்த இடத்திலேயே அவை காத்திருக்கும். எலிகளும் பதுங்கிவிடும் காலம் அது.

அவற்றை வீட்டிற்கே கொண்டு சென்றால் என்ன என்று தோன்றலாம். பிறந்து ஏறத்தாழ இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரத்திற்குள் மனிதர் கை படாத குட்டி, வளர்ந்தபின் மனிதரை அஞ்சியே வாழும். அதற்கு அடைத்த அறை சிறையாகும். எனவே அவற்றை அங்கேயே காப்பதுதான் தக்க வழி. அதற்கும் சில முறைகள் உண்டு. மரப்பெட்டியில் கம்பளியை விரிப்பது தவறு. அது ஈரத்தை உறிஞ்சி உறைந்துவிடும். வைக்கோலே சிறந்தது. வளர்ந்த பூனைகள் பலவற்றிற்குப் பால் செரிக்காது, நீரே போதும். ஆனால் வைத்த நீர் விடியுமுன் உறைந்துவிடுமாதலால் நாள்தோறும் மாற்ற வேண்டும்.

உணவு மட்டும் இட்டால் பூனைகள் பெருகும். பகற்பொழுது நீளத் தொடங்கும்போதே அவற்றின் இனப்பெருக்கப் பருவம் தொடங்குகிறது. கருக்காலம் ஒன்பது வாரங்களே. ஆகவே கருத்தடைக்கு ஏற்ற காலம் குளிர்காலம். பூனையைக் கூண்டில் பிடித்து, அறுவை செய்து, பிடித்த இடத்திலேயே விடுவர். மீண்டும் பிடித்துத் துன்புறுத்தாதிருக்க இடக்காதின் நுனியைச் சிறிது நீக்கி அடையாளமிடுவர். நம் தெருநாய்களின் காதில் காணும் வெட்டும் இப்பொருளுடையதே.

இவற்றுள் மிகவும் கடினமானது, ஒரு நாளும் தவறாமல் வருவதுதான். டிசம்பர் 25 அன்று லண்டனில் பேருந்துகள் ஓடுவதில்லை. நாட்டின் ரயில்களும் பெரும்பாலும் நின்றுவிடும். அன்று உணவிட நடந்து வரும் தொலைவில் ஒருவர் இருக்க வேண்டும். முறைப்பட்டியல் எழுதுவோர் முதலில் நிரப்ப வேண்டிய கட்டம் அந்த நாளே.

சொற்பொருள்: கொட்டில் – கருவிகள் வைக்கும் சிறு குடில், முறைப்பட்டியல் – யார் எந்நாளில் வருவது எனக் குறிக்கும் பட்டியல், புறந்தள்ளுதல் – பொருட்படுத்தாது ஒதுக்குதல்.

விடை எழுதுக

1. பூனைகளின் படுக்கைக்கு வைக்கோல் ஏற்றது எனப்படுவது ஏன்?

2. கருத்தடைக்குக் குளிர்காலம் உகந்ததாவது எதனால்?

3. தோட்டக்காரர் ஒருவர் பூனைகளுக்கு உணவிடுவதை எதிர்க்கிறார். அவர் கூற்றில் நியாயமானவை எவை? உம் கருத்தை எழுதுக.